கனம் கூடிய பக்கம்

கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் அவருடைய மனைவி அவரிடம், "என்னைப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டாராம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பதில் சொன்னாராம். "அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட எதையும் கேக்கறதில்லம்மா" என்று அந்த அம்மாள் அரிசியில் கல் பொறுக்கியபடியே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பதில் என்னவென்று நான் கேட்கவில்லை. அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் என்பதால், அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. பிடித்திருக்கிறது என்பதற்குத்தான் எடை அதிகம் என்பது போல ஏதாவது சொல்லியிருப்பார்.

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் ஒரு உப்புக் கம்பெனியின் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் அங்கே ஹெட்கிளார்க். முதலாளிகள் மெட்ராசில் இருந்தார்கள். ஆபீஸ் என்பது உப்பளத்தின் ஓரமாக இருந்த ஓட்டுக் கட்டிடம். ஜன்னலைத் திறந்தால் பாத்திகளின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். மூடினால் வேகும். டைப்ரைட்டரின் எழுத்துகளில் துரு ஏறிக்கொண்டே இருக்கும். எண்ணெய் போட மறந்தால் சில எழுத்துகள் மேலே போய் அங்கேயே நின்றுவிடும். அவருக்கு அந்த வெளிச்சம் ஆகாது. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை ஆபீசுக்குள்ளேயும் போட்டுக்கொண்டிருப்பார். யாராவது தப்பாக ஏதாவது சொன்னால் அந்தக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும். அது ஏறிவிட்டால் அடுத்த கால் மணி நேரத்துக்கு வேறு வேலை நடக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் அதைச் சொல்லி அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர், தனக்குத் தெரிந்ததைவிட ஒரு இம்மி அதிகமாகவும் சொல்லமாட்டார், ஒரு இம்மி குறைவாகவும் சொல்லமாட்டார். அது வேறு விதமான பழக்கம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சுலபமானது அல்ல.

சீசன் முடிகிற நேரத்தில், வாரிய உப்பெல்லாம் வரப்போரத்தில் குவியலாகக் கிடக்கும்போது, மேகம் கறுத்தால் மானேஜர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். ஓலை போட்டு மூட வேண்டும். ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஒரு நாள் மானேஜர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு மழை வருமாய்யா?"

இவர் எழுந்து வந்து, அவரும் பார்த்தார். "வர்றதுக்குத்தான் அதிகமா இருக்குதுங்க. வராம போறதுக்கும் இருக்குது."

"இப்ப ஓலை போடணுமா, வேணாமா?"

"அது வேற கேள்விங்க."

மானேஜர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே இறங்கிப் போய் ஆட்களைக் கூப்பிட்டார். அன்றைக்கு மழை வந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. மானேஜர் முணுமுணுத்துக்கொண்டே போனதுதான் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு சம்பவம் என் சொந்தத்திலேயே நடந்தது. வானூரில் இருந்த என் அத்தை, தன் மகளுக்கு மரக்காணத்தில் ஒரு பையனைப் பார்த்திருந்தார். பையன் வீடு ஹெட்கிளார்க் வீட்டுக்கு அடுத்த வீடு. என்னோடு வேலை செய்பவர்தானே என்று அத்தையும் மாமாவும் நேராக அவரிடம் போய்ப் பையனைப் பற்றி விசாரித்தார்கள். அவர் உட்காரச் சொல்லி, காபி கொடுக்கச் சொல்லி, நன்றாக யோசித்து, "நல்ல பையன்ங்கறதுக்குத்தான் எடை கூட" என்றார்.

அத்தை வெளியே வந்ததும், "இன்னாடி இது, அப்போ இன்னொரு பக்கம் இன்னா இருக்குதாம்?" என்று என்னைக் கேட்டார். சம்பந்தம் நின்று போனது. பையனின் அம்மா தெருவில் நின்று ஹெட்கிளார்க்கைத் திட்டித் தீர்த்தார். அவர் தண்ணீர் வாளியைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் தப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா, நல்லவன்னுதானே சொன்னேன்" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அத்தை மகளை வேறொரு இடத்தில் கொடுத்தார்கள். அந்த மாப்பிள்ளையைப் பற்றி எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். அவனும் எல்லோரையும் போலத்தான் இருந்தான்.

எடை என்று அவர் சொல்வதற்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை காரணம். அது எனக்குத் தெரிய வந்தது ஒரு டைப்பிங் தப்பினால். மெட்ராசுக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில், இந்தத் தடவை விளைந்ததில் பெரிய கல் உப்பே மிகுதி என்று அவர் எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நான் அந்த வார்த்தையை 'ப்ரிடாமினன்ஸ்' என்று படித்து அடித்துவிட்டேன். காகிதம் திரும்பி வந்தது.

"ஏம்மா, நான் எழுதினது இது இல்ல. ப்ரிபாண்டரன்ஸ்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? அதிகமா இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"ப்ரிடாமினன்ஸ்ன்னா ஒருத்தர் கை ஓங்கி இருக்கறது. மெஜாரிட்டின்னா தலை எண்ணிக்கை. ப்ரிபாண்டரன்ஸ்ன்னா எடை. தராசுல ஒரு பக்கம் தாழுதில்ல, அது. இந்த ஆபீஸ்ல ப்ரிடாமினன்ஸ் மானேஜருக்கு. மெஜாரிட்டி அளத்துல வேலை செய்யறவங்க. ப்ரிபாண்டரன்ஸ் யாருக்குன்னு பாத்துத்தான் சொல்லணும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மானேஜர் இருமினார். அவருக்கும் அந்த வார்த்தை பிடித்துப்போய், ஒரு தடவை முதலாளிக்கு எழுதிய கடிதத்தில், நம் ஆட்களில் ப்ரிபாண்டரன்ஸ் சோம்பேறிகள் என்று எழுதிவிட்டார். ஹெட்கிளார்க் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "ஆளுங்களுக்கும் இந்த வார்த்தையப் போடலாம்ங்க, தப்பில்ல. ஆனா நீங்க யாரையும் எடை போடலியே" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கடிதம் அந்த வரி இல்லாமல்தான் போயிற்று. மானேஜர் அதை மறக்கவில்லை.

மரக்காணம் வருவதற்கு முன்னால் அவர் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். வார்த்தை அங்கே கிடைத்தது. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் சந்தேகமே இருக்கக்கூடாது. நிலத் தகராறு மாதிரி வழக்குக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால் போதும் என்று அந்த வக்கீல் சொல்வாராம். அதைப் பற்றிப் பேசும்போது ஒரு நாள், தன்னைப் பற்றி எதுவும் பேசாத அவர், தானாகவே ஒன்று சொன்னார்.

"எங்க அண்ணன் ஒரு தப்பு செஞ்சான்னு எங்கப்பா வீட்ட விட்டு அனுப்பிட்டாரு. நான் அப்ப சின்னப் பையன். செஞ்சானா இல்லையான்னு இன்னைய வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது. ஆனா வீட்டுல பாதிப் பேரு செஞ்சான்னாங்க, பாதிப் பேரு செய்யலன்னாங்க. தெரியலன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல." பிறகு, "இந்த வார்த்தைய வக்கீல் சொன்னப்ப, நடுவுல நிக்க ஒரு எடம் கெடைச்ச மாதிரி இருந்தது" என்றார்.

அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் எவ்வளவு கெடுதல் செய்துவிட முடியும் என்று எனக்கு அஞ்சலை விஷயத்தில்தான் தெரிந்தது.

அஞ்சலை அளத்தில் பல சீசனாக வேலை செய்தவள். நாற்பது தாண்டியவள், ஒரு முழங்கால் சரியில்லை. அவள் வாரும் பாத்திகள் ஆபீசுக்கு நேர் எதிரே இருந்தன. உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டு அவள் பின்னுக்கு நடப்பதை நான் ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பேன். ஒரு கோடையில் மேஸ்திரி அந்தப் பாத்திகளைத் தன் கொழுந்தியாளுக்குக் கொடுத்துவிட்டு, அஞ்சலையைத் தூரத்துக் குவியலுக்குக் கூடை சுமக்கப் போகச் சொன்னான். அவள் வரப்பிலேயே நின்று எல்லோரும் பார்க்கச் சண்டை போட்டாள். "பாத்துக்க. இந்த உப்பு உப்பா நிக்காது. தண்ணியாத்தான் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கால்வாய்த் தண்ணீர் பாத்திகளுக்குள் வந்து நின்றது. கால்வாயிலிருந்து தண்ணீர் விடுகிற மதகில், தண்ணீரைத் தடுக்கும் மரப்பலகை இல்லை. அந்த வாரம் வார வேண்டியிருந்த உப்பு, ஒரு வரிசை முழுக்கக் கரைந்து போயிருந்தது. மானேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். அன்றைக்கே மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டார்கள். விசாரணை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

விசாரிக்க வந்தவர் முதலாளிகளில் ஒருவரின் மைத்துனர். பம்பாயில் ஏதோ ஒரு பெரிய ஆபீசில் இருந்து ரிட்டயரானவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் தமிழ் பேசத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவார். அதனால் அவர் இங்கிலீஷில் கேட்க, ஹெட்கிளார்க் தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் சொல்ல, நான் டைப் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மேஸ்திரி, அவள் சண்டையில் பேசியதைச் சொன்னான். கூட இருந்த பெண்களும் தயங்கித் தயங்கி ஆமாம் என்றார்கள். காவல்காரன், பொழுது சாயும்போது அஞ்சலை மதகுப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்றான். பலகையை அவள் தொட்டதை யாரும் பார்க்கவில்லை. பலகை இரண்டாகப் பிளந்து கால்வாயில் கிடந்தது. உளுத்த பலகை, தானாகவும் விட்டிருக்கலாம். எல்லாவற்றையும் ஹெட்கிளார்க் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசியில் அஞ்சலை வந்தாள். அவர் அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"மதகுகிட்ட எதுக்குப் போன?"

"ஆட்டக் காணோம்னு தேடிக்கினு போனேங்க."

"பலகையத் தொட்டியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

வேறு யாராக இருந்தாலும், மறுக்கிறாள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். இவர் நின்றார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"எது தெரியாது? பலகைய யாரு எடுத்தாங்கன்னு தெரியாதா, நீ தொட்டியா இல்லையான்னு தெரியாதா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ரெண்டும்தாங்க" என்றாள்.

அவர் அதையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னார். பம்பாய்க்காரர் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் ஹெட்கிளார்க் மேல் கோபம் வந்தது. கோபத்தோடுதான் டைப் அடித்தேன். தப்பில்லாமல் அடித்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பம்பாய்க்காரர் மானேஜரிடம் சொன்னார். "யாரும் கண்ணால பாக்கல. நிரூபணமாயிடுச்சுன்னு நான் எப்படி எழுதறது? நிரூபணம் ஆகலன்னு எழுதி, ஒரு எச்சரிக்கை கொடுத்து விட்டுடலாம்."

"அப்புறம் அளத்துல ஒருத்தரும் எதுக்கும் பயப்பட மாட்டாங்க சார்" என்றார் மானேஜர். ஆனால் அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அஞ்சலை மறுநாள் கூடை சுமக்க வந்திருப்பாள்.

ஹெட்கிளார்க் கதவோரத்தில் காகிதங்களோடு நின்றிருந்தார். "நிரூபணம் ஆகலன்னு மட்டும் எழுதினா அதுவும் முழுசா சரியில்லைங்க" என்றார். ஒரு வாக்கியத்தில் இருக்கும் தப்பைத் திருத்துகிற அதே குரலில்தான் சொன்னார். "சந்தேகமே இல்லன்னு எழுதினா பொய். ஒண்ணுமே இல்லன்னு எழுதினாலும் பொய். இங்க இருக்கிறதுக்குச் சரியான வார்த்தை, ப்ரிபாண்டரன்ஸ் ஆஃப் ப்ராபபிலிட்டி. செஞ்சிருப்பாங்கங்கற பக்கம் கனமா இருக்குது. அவ்வளவுதான்."

பம்பாய்க்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "வேலையை விட்டு எடுக்க அது போதுமா?"

இவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியும்.

"இந்த மாதிரி விசாரணைக்குப் போதும்னு எங்க வக்கீல் சொல்லியிருக்காருங்க."

அப்போது பம்பாய்க்காரரும் மானேஜரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான், தான் கொடுத்தது என்னவென்று ஹெட்கிளார்க்குக்குத் தெரிந்தது போலிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மானேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் உட்கார்ந்து டைப் அடித்தேன். அந்த வார்த்தைக்கு எனக்கு இப்போது ஸ்பெல்லிங் நன்றாகத் தெரியும்.

உத்தரவை அஞ்சலைக்குத் தமிழில் படித்துச் சொல்லிக் கைநாட்டு வாங்க வேண்டும். அதுவும் அவர் வேலைதான். ஆபீஸ் வாசலில் படித்தார். உப்பு வாரும் பலகையையும் கூடையையும் அப்படியே போட்டுவிட்டு நிறையப் பேர் வந்து நின்றார்கள். "சுருக்கமா சொல்லுய்யா, குத்தம் நிரூபணம் ஆயிடுச்சுன்னு" என்று மானேஜர் உள்ளே இருந்து சொன்னார். இவர் கேட்கவில்லை. முதல் வரியிலிருந்து படித்தார்.

அஞ்சலை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நான் தொறந்தேன்னு அதுல எழுதியிருக்குதுங்களா?" என்றாள்.

"அப்படி எழுதல."

"தொறக்கலன்னு எழுதியிருக்குதா?"

"அப்படியும் எழுதல."

"பின்ன இன்னாதாங்க எழுதியிருக்குது?"

"தொறந்திருப்பன்னு இருக்கிற பக்கம் கனமா இருக்குதுன்னு எழுதியிருக்குதும்மா."

"யாரு தூக்கிப் பாத்தாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்தார்.

"நான்தாம்மா. அந்த வார்த்தையச் சொன்னது நான்."

அஞ்சலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க பேச்சு எனக்கு வெளங்கலங்க. வேலை இருக்குதா, போச்சா, அத சொல்லுங்க."

"போச்சு" என்றார்.

அவள் கைநாட்டு வைக்காமல் போனாள். சிலர் இரண்டொரு நாள் வேலைக்கு வரவில்லை. பிறகு வந்தார்கள்.

அவர் மறுநாள் காலையிலேயே மானேஜரிடம் போய், அவளுக்குச் சாதகமாக இருந்ததையும் உத்தரவில் சேர்க்க வேண்டும் என்றார். பலகை உளுத்திருந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதெல்லாம் அதில் இல்லை என்றார்.

"ஏய்யா, நீதானே வார்த்தையக் குடுத்த?"

"வார்த்தை சரிதாங்க. அத வெச்சு செஞ்சது சரியான்னு தெரியல."

"தெரியலன்னா சும்மா இரு."

அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அஞ்சலையின் ஊருக்குப் போய், கடலூரில் லேபர் ஆபீஸ் இருக்கிறது, அங்கே முறையிடலாம் என்று அவள் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தார். இதை மானேஜருக்குச் சொன்னவரும் அவர்தான். போனியா என்று கேட்டார்கள், போனேன் என்றார்.

கடலூரில் விசாரணை நடந்தபோது கம்பெனி சார்பில் மானேஜர் போனார். மொழிபெயர்த்தவர் என்று இவரையும், டைப் அடித்தவள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே இருந்த அதிகாரி களைத்துப் போன மனிதர். எல்லாக் காகிதங்களையும் புரட்டிவிட்டு ஹெட்கிளார்க்கைக் கூப்பிட்டார். எதிரே பெஞ்சில் அஞ்சலையும் அவள் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க முழு விசாரணையிலயும் இருந்திருக்கீங்க. உங்க மனசுல என்ன தோணுது? இந்த அம்மா செஞ்சாங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அஞ்சலையின் தம்பி அதற்காகவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"செஞ்சிருப்பாங்கன்னுதான் எனக்குப் படுதுங்க."

தம்பி எழுந்துவிட்டான். அஞ்சலை அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மானேஜர் முதல் தடவையாக ஹெட்கிளார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதிகாரி காகிதத்தை மூடப் போனவர், என்ன நினைத்தாரோ, "நீங்களா இருந்தா வேலையை விட்டு எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்திருக்க மாட்டேங்க."

"செஞ்சிருப்பாங்கன்னு சொல்றீங்களே?"

"படுதுன்னுதாங்க சொன்னேன், தெரியும்னு சொல்லல. நெலத்துக்குத் தகராறுன்னா கொஞ்சம் தாழ்ந்த பக்கம் குடுத்துடலாம், நெலம் யார்கிட்டயாவது இருக்கும். இவங்ககிட்ட இருந்து எடுத்தா இவங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல. தராசு அத காட்டாதுங்க. நான் அன்னைக்கு தராச மட்டும்தான் பாத்தேன். அது என் தப்பு."

அதிகாரி காகிதங்களை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு மானேஜரைத் தனியாக அழைத்துப் பேசினார். மழை முடிந்து அடுத்த சீசன் தொடங்கும்போது அஞ்சலையை வேலைக்கு எடுத்துக்கொள்வது என்று கையெழுத்தானது. வழக்குச் செலவுக்குப் பயந்து மெட்ராசிலும் ஒத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் மானேஜர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஹெட்கிளார்க் என் வரிசைக்கு எதிரே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அஞ்சலையும் தம்பியும் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஆபீசில் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போகச் சொல்லவில்லை. புதிதாக ஒருவர் வந்தார், இவருடைய மேஜை தாழ்வாரத்துக்குப் போயிற்று. மழைக்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்து சாரலில் நனைந்த காகிதங்களை உலர்த்திக்கொண்டிருந்தார். பொங்கல் கழிந்ததும் திண்டிவனத்துக்கே, அந்த வக்கீலின் மகனிடம் குமாஸ்தாவாகப் போகிறேன் என்று என்னிடம் சொன்னார். சந்தோஷமா சார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அவர் கிளம்பிய அன்று நானும் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பாண்டிச்சேரி போக வேண்டியிருந்தது. அவர் மனைவி முன்னாலேயே போய்விட்டார். தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, குடையை ஊன்றி நின்றிருந்தார். அளத்தில் அப்போதுதான் பாத்திகளை மிதித்துச் சரி செய்யும் வேலை தொடங்கியிருந்தது. அந்தப் பக்கமிருந்து அஞ்சலை வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. நடையில் சாய்வு கூடியிருந்தது.

"ஊர விட்டுப் போறீங்களாமே."

"ஆமாம்மா."

"கடலூர்ல சொன்னீங்களே. இன்னும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

நான் கொஞ்சம் விலகிப் போகப் பார்த்தேன். "நீ இரும்மா, பரவால்ல" என்றாள் அஞ்சலை. பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பலகையத் தூக்குனது நான்தாங்க. மேஸ்திரி பொண்டாட்டியோட தங்கச்சி வாருற ஒரு பாத்தி நனைஞ்சா போதும்னுதான் போனேன். நாலு வெரக்கடை தூக்கிட்டு வுட்டுடலாம்னு. பலகை உளுத்துப் போயிருந்துது. கையோட ரெண்டா வந்துடுச்சு. சேத்த வாரி வாரிப் போட்டேன், தண்ணி நிக்கல. ஆட்டக் காணோம்ங்கறதும் நெசந்தான்."

அவர் கண்ணாடி நெற்றிக்குப் போகவில்லை. கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வெயிலில் அவர் கண்களில் தண்ணீர் வந்தது. அது வெளிச்சத்தினால்தான் என்று நினைக்கிறேன்.

"இத என்கிட்ட சொல்லியிருக்க வேணாமேம்மா."

"வேற யார்கிட்ட சொல்றது? நான் செய்யலன்னு எனக்காகக் கத்துனவங்ககிட்ட சொன்னா அவங்க மனசு ஒடஞ்சிடும். செஞ்சேன்னு கத்துனவங்ககிட்ட சொன்னா இன்னும் கத்துவாங்க. நீங்கதான் ரெண்டும் இல்லாம இருந்தீங்க."

திண்டிவனம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினார். அவர் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"அந்தப் பாத்தில நீ எப்பலேர்ந்து வேலை செய்யற?" என்று அஞ்சலையைக் கேட்டார்.

விசாரணையிலும் கடலூரிலும் எவ்வளவோ கேள்விகள் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் கூட இருந்து கேட்டவள். இந்தக் கேள்வி எதிலும் இல்லை.

"அதுங்களா" என்று அவள் குந்தி உட்கார்ந்தாள். "என் பெரிய பொண்ணு வவுத்துல இருக்கும்போது வந்தேங்க. அப்ப அது பாத்தியே இல்ல, வெறும் சேறு. நானும் என் வூட்டுக்காரரும்தான் மிதிச்சோம்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ் போயிற்று. அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அஞ்சலை சேறு காய்ந்த விரலால் தரையில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என் பஸ் வந்தபோது நான் ஏறிக்கொண்டேன். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வார்த்தையும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.